சீவலப்பேரி ஷெட்டில் நிற்கும் மிலிட்டரி நிசான் ஒன் டன்: எதிலிருந்து தொடங்க?

சீவலப்பேரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பா தொண்ணூறுகளில் ராணுவ ஏலத்தில் எடுத்த நிசான் ஒன் டன் லாரி ஒன்று எங்கள் தோட்டத்து ஷெட்டில் நிற்கிறது. உள்ளே இருக்கும் தகட்டில் ஜபல்பூர் (ராணுவ வண்டித் தொழிற்சாலை இருக்கிற ஊர்) என்பதும் 1974 என்பதும் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல், ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கிற வசதி), பின்னால் இரும்புத் தொட்டி, தார்ப்பாய் கட்டுகிற வளைவுக் கம்பிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சித்தப்பா இருந்தவரை வாழைத்தார் ஏற்றவும் உரம் கொண்டுவரவும் ஓடியது. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. போதாக்குறைக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்து, சக்கரம் பாதிக்கு மேல் மூழ்கிக் கிடந்தது. இப்போது சித்தி, "நீ எடுத்துக்கிட்டா எடு, இல்லேன்னா காயலான் கடைக்காரனைக் கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டார்கள்.

பார்த்தவரை இதுதான் நிலைமை. பிரேக்கை மிதித்தால் பெடல் அப்படியே தரையில் போய் உட்காருகிறது. ஃபோர் வீல் லிவர் அசையவே இல்லை. பின் ஆக்சிலின் கீழ் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், வந்த ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தது. நான்கு டயரிலும் காற்று இல்லை. டிரைவர் பக்கத் தரைத்தகடு துரு பிடித்து ஓட்டை. இன்ஜினுக்குள் தண்ணீர் போனதாகத் தெரியவில்லை.

என் திட்டம்: புது பேட்டரி வாங்கி முதலில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது, ஓடினால் டயரைக் கழற்றிப் பஞ்சர் கடைக்கு அனுப்புவது, அப்புறம் டிங்கரிங் முடித்துப் பழையபடி மிலிட்டரி பச்சை அடிப்பது. வீட்டில் எல்லோரும் இந்த இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் போடச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய ஈ.எம்.ஈ., பாளையங்கோட்டை:

தம்பி, நான் ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கிற ஈ.எம்.ஈ. பிரிவில் இருந்தவன். பேட்டரி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பேட்டரி வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. இத்தனை காலம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரில் ஆயில் இருக்காது, பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும், செல்ஃப் மோட்டார் அதைப் பிடித்து இழுத்தால் ரிங் உடையும், இல்லையென்றால் சுவரில் கோடு போடும். ஆறு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து விட்டு ஓரிரண்டு நாள் ஊறட்டும். அப்புறம் முன்னால் ஹாண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள், பிளக் இல்லாததால் லேசாகச் சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் பலம் காட்டாமல் பின்னுக்குத் திருப்பி, இன்னும் ஊறவிடுங்கள். இன்ஜின் அடியில் இருக்கிற சம்ப் ஆயிலைப் பார்த்து அதிலும் டீ நிறம் இருந்தால் சுற்றவே வேண்டாம், முதலில் இறக்கிவிடுங்கள்.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். டயரைப் பஞ்சர் கடைக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அனுப்பும் முன் டிஸ்கை (டயர் மாட்டியிருக்கிற இரும்புச் சக்கரத்தை) நன்றாகப் பாருங்கள். பழைய ராணுவ வண்டிகளில் சாதாரண டிஸ்க் இல்லாமல், ரிங் போட்ட டிஸ்கோ, இரண்டு பாதியைப் போல்ட் போட்டுச் சேர்த்த டிஸ்கோ இருக்கலாம். இந்த இரண்டு பாதி டிஸ்கில் இரண்டு வட்டமாக நட்டுகள் தெரியும். ஒரு வட்டம் சக்கரத்தை ஹப்பில் பிடிப்பது. இன்னொரு வட்டம் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது தெரியாமல் இரண்டாவது வட்டத்தைக் கழற்றினால் அந்த டிஸ்க் குண்டு வெடித்தது போலப் பிரிந்து அடிக்கும். கை போகும், தலையும் போகும். இதற்காகத்தான் பிரிட்டிஷ்காரன் காலத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தார்கள், காற்று இருக்கும்போது இதைத் தொடாதே என்று அர்த்தம். உங்கள் வண்டி மேல் எத்தனை கோட் பெயிண்ட் விழுந்திருக்கிறதோ, சிவப்பு தெரியாமலும் போகலாம், அதனால் நிறத்தை நம்பாதீர்கள்.

டயர் தட்டையாகத்தானே கிடக்கிறது என்றும் விட்டுவிடாதீர்கள். டியூபில் மிச்சக் காற்று நிற்கும், வால்வு மண் அடைத்துக் கிடக்கும். வால்வு ஊசியை முழுதாகக் கழற்றி, கம்பி விட்டுக் குத்திப் பார்த்து, ஒரு மூச்சும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் ஸ்பானர். திரும்பக் காற்று அடிக்கும்போது சக்கரத்துக்குச் சங்கிலி சுற்றுங்கள், நீளமான ஹோஸ் போட்டுத் தள்ளி நில்லுங்கள், டிஸ்குக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. இந்தக் காலத்துப் பஞ்சர் கடைப் பையன்கள் டியூப்லெஸ்ஸிலேயே வளர்ந்தவர்கள், பாவம், அவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை. டிஸ்கைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.


பேட்டை லேத்:

ஈ.எம்.ஈ. அண்ணாச்சி சொன்னதற்கு மேல் டிஸ்க் விஷயத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

பிரேக்குக்கு வருகிறேன். பெடல் தரைக்குப் போகிறதென்றால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போயிருக்கும், சக்கரத்துக்குள் வீல் சிலிண்டரும் துரு பிடித்திருக்கும், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், முழுதாக இறக்கி ஏற்றுங்கள். இந்த வயது வண்டிகளில் பெரும்பாலும் ஒரே சர்க்யூட், ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும், அதனால்தான் நின்ற வண்டியில் சிலிண்டர் உள்ளேயிருந்து துரு பிடிக்கிறது. டாட் 3 அல்லது டாட் 4 போடுங்கள், டாட் 5 என்று சிலிகான் ஆயில் யாராவது கொடுத்தால் இதோடு கலக்க வேண்டாம்.

டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றைப் பிடித்துத் தூசியை ஊதுகிற பழக்கம் நம்மூரில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கிறது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள்.

சாமான் கிடைக்குமா என்று எல்லோரும் பயப்படுவார்கள். பேரிங்கில் நம்பர் அடித்திருக்கும், துடைத்துப் பார்த்து அந்த நம்பரைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் தருவான், வண்டி பெயரையே சொல்ல வேண்டாம். ஆயில் சீல் உள் அளவு, வெளி அளவு, கனம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். வீல் சிலிண்டர் வாஷரும் அளவு வைத்துத்தான். "நிசான் ஒன் டன்" என்று வாயைத் திறந்தால்தான் "அதெல்லாம் வராது அண்ணாச்சி" என்ற பதில் வரும். பேக்கிங் ஷீட் வாங்கினால் நாமே வெட்டிக்கொள்ளலாம். நிசமாகவே கிடைக்காத சாமான் என்றால் கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கிற பற்சக்கர ஜோடி), டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கார்ப்பரேட்டர் உள் சாமான், இவ்வளவுதான். அதற்கு ஜபல்பூர், டெல்லி மாயாபுரி பழைய சாமான் சந்தைப் பக்கம் ஆள் பிடிக்க வேண்டும்.

கடைசியாக என் கருத்து. டீசல் போடுங்கள். இந்த இன்ஜின் குடிக்கிற பெட்ரோலுக்கு வாழைத்தாரில் என்ன மிஞ்சும்?


தேரிக்காடு:

என்ன வே லேத், எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி ஒரு குண்டைப் போடுகிறீர்?

திசையன்விளைப் பக்கம் ஜோங்கா (இதே நிசான் வகை ராணுவ ஜீப்) வைத்திருக்கிறேன். அதிலும் இதே 3,956 சிசி பி இன்ஜின்தான், ஒன் டன்காரருக்கும் என் அனுபவம் பொருந்தும் என்றுதான் எழுதுகிறேன். டீசல் மாற்றிய வண்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். லாரி டீசல் பெட்ரோல் இன்ஜின் அளவுக்குச் சுற்றாது. ஆக்சில் ரேஷியோ பழையதாகவே இருந்தால் நாற்கரச் சாலையில் ஏறியதும் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. அதற்கும் மேல், இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற அடாப்டர் தகடு மயிரிழை மாறினாலும் கியர் பாக்ஸ் முன் பேரிங் தின்றுவிடும், அது தெரிய வரும்போது பாதி தோட்டத்தை விற்றிருப்பீர்கள். முன் ஸ்பிரிங் பட்டை எடை தாங்காமல் இறங்குவது தனிக் கதை. தினமும் லோடு அடிக்க வேண்டுமென்றால் அதற்கென்று சின்ன டீசல் வண்டிகள் செகண்ட்ஸில் கிடைக்கின்றனவே, இதை ஏன் வதைக்க வேண்டும்?

பெட்ரோலோடு வைத்தால் கவனிக்க வேண்டியது வேறு இருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறி இளகிப் பிய்ந்துவிடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், டேங்க் பாதி காலியாக மாதக்கணக்கில் நிறுத்தினால் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். உங்கள் டேங்கை எப்படியும் இறக்கத்தான் வேண்டும். உள்ளே சரளையும் தண்ணீரும் போட்டு உருட்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் ஓட்டை பாருங்கள். பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள், காலி என்று நினைக்கிற டேங்க்தான் வெடிக்கும்.

இன்னொன்று, நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில். இந்த இன்ஜின் ஈயப் பெட்ரோல் காலத்தில் உருவானது, அந்த ஈயம்தான் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. ஹெட்டை இறக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைப் பாருங்கள், உள்ளே இறங்கியிருந்தால் கெட்டி சீட் வளையம் வைக்கச் சொல்லுங்கள். மதுரை, கோவை பக்கம் நல்ல ஹெட் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. இறங்காமல் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம், மெதுவாக ஓட்டுகிற வண்டிக்கு அவசரமில்லை.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு ரேடியேட்டர் ஒரு வருடத்தில் சுண்ணாம்புக் காளவாசல் ஆகிவிடும். உங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் இருக்கிறது, கொடுத்து வைத்தவர், ஆனாலும் கூலண்ட் கலந்தே ஊற்றுங்கள்.

ஃபோர் வீல் லிவர்: டிரான்ஸ்ஃபர் பாக்ஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியை) பிரிக்கும் முன் வெளியே இருக்கிற இணைப்புக் கம்பிகளைப் பாருங்கள், வெள்ளத்து வண்டலில் பின்கள் இறுகியிருக்கும், துரு எண்ணெய் விட்டுத் தட்டினாலே பாதி வண்டிகளில் லிவர் விடும். சித்தப்பா ஃபோர் வீலில் போட்டபடியே தார் ரோட்டில் வந்து நிறுத்தியிருந்தாலும் இறுகும். முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் இதில் நடுவில் கிடையாது. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் உருள வேண்டும், மண்ணில் சறுக்கிச் சமாளித்துவிடும், தாரில் சறுக்காது, அந்த முறுக்கு முழுக்க பாக்ஸில் ஏறும். ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் முறுக்கு விடும். தேரி மணலிலும் சேற்று வயலிலும் போடுங்கள், தாரில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.


நெல்லை வக்கீல்:

இன்ஜின் பக்கம் எனக்குத் தெரியாது, காகிதம் பற்றிச் சொல்கிறேன். மூன்று பேர் பதில் எழுதியும் யாரும் ஆர்.சி.யைக் கேட்கவில்லையே!

தம்பி, உங்கள் சித்தப்பா ராணுவத்திடம் வாங்கியபோது சிவில் நம்பர் போட்டாரா? ராணுவ வண்டிகள் மோட்டார் வாகனச் சட்டம் 60-வது பிரிவில் தனியாகப் பதிவாகின்றன. வெளியாள் கைக்கு வந்ததும் சாதாரண வண்டி போல 39, 40-வது பிரிவுகளின்படி நம்மூர் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். முன்னாள் ராணுவ வண்டிக்கு விற்றவர்கள் கொடுத்த அசல் விற்பனைச் சான்றும் தேவை. அந்த வேலை அப்போதே முடிந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏனென்றால் 15 வயது தாண்டிய அரசு வண்டிகளைச் சிதைத்து அழிக்கத்தான் வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, பாதுகாப்புப் பணிக்கான சில சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. இனி ஏலத்தில் வருகிற பழைய வண்டியை எடுத்து ரோட்டில் ஓட்டலாம் என்று இதைப் படிக்கிற யாராவது கனவு கண்டால், பணம் கட்டும் முன் இரண்டு முறை விசாரியுங்கள்.

நம்பர் இருந்தால், உரிமையாளர் இறந்ததால் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மூன்று மாதக் கெடு உண்டு, தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் கட்டணம் வரும். சித்திக்கும் பிள்ளைகளுக்கும் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குங்கள், வாரிசுச் சான்று எடுங்கள். ஆர்.சி.யில் கூட்ஸ் என்று இருந்தால் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேண்டும், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும் வேண்டும். சொந்த உபயோகம் என்று இருந்தால் வேலை குறைவு.

அடுத்தது பச்சை. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. ஊரில் பத்துப் பேர் அடித்துக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிடித்தால் அபராதம், எஃப்.சி.யில் நிறுத்துவார்கள். மணல் நிறம், சாம்பல், நீலம், எதையாவது அடியுங்கள், அதையும் ஆர்.சி.யில் ஏற்றுங்கள்.

டீசல் சண்டைக்கும் ஒரு வார்த்தை. இன்ஜினையும் எரிபொருளையும் அனுமதி இல்லாமல் மாற்றுவது 52-வது பிரிவுக்கு மாறானது. 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியும் வசதி 2021-இல் வந்தது, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். உங்கள் வண்டி வயதில் தேறலாம். ஆனால் அது சொந்த உபயோக வண்டிக்குத்தான், அடிப்படையை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், டீசல் போட்டால் அந்தக் கதவு சாத்திவிடும். தவிர, விண்டேஜ் நம்பரில் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும்தான் வெளியே எடுக்கலாம், வாழைத்தார் ஏற்ற முடியாது. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.


சீவலப்பேரிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பீரோவில் தேடியதில் ஆர்.சி. கிடைத்தது. டி.என். 72 நம்பர்தான், ராணுவத்தின் விற்பனைத் தாளும் கூடவே மடித்து வைத்திருக்கிறார். ஆனால் வகை கூட்ஸ் என்று இருக்கிறது. வக்கீல் அக்கா, அதைச் சொந்த உபயோகமாக மாற்ற முடியுமா?

டிஸ்க் இரண்டு வட்ட நட்டு உள்ளதுதான், ஈ.எம்.ஈ. அண்ணாச்சி. உள் வட்டம் ஐந்து, வெளி வட்டம் அதை விடச் சின்னதாக நிறைய. சுரண்டிப் பார்த்தால் பச்சைக்குக் கீழே பச்சைதான் இருக்கிறது.

டீசல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். லேத் அண்ணாச்சி கோபிக்க வேண்டாம், பிரேக் வேலை முழுக்க உங்களிடம்தான்.

ஆக்சில் ஆயில் பற்றி யாரும் சொல்லவில்லை. எதை ஊற்ற?


பழைய ஈ.எம்.ஈ., பாளையங்கோட்டை:

அப்படியானால் இரண்டு பாதி டிஸ்க்தான் தம்பி. ஹப் நட்டு பெரியது, அதை மட்டும் தொடுங்கள். வெளி வட்டத்தை நான் வந்து பார்த்த பிறகு கழற்றலாம்.

ஆக்சிலில் தண்ணீர் போன வழி மூச்சுக்குழாய் ஓட்டையாக இருக்கலாம், சீலாகவும் இருக்கலாம். ஆக்சில் மேலே சின்னதாக ஒரு மூடி இருக்கும், அது மண் அடைத்திருந்தால் ஓடும்போது உள்ளே அழுத்தம் ஏறி சீலைத் தள்ளிவிடும், தண்ணீரில் இறங்கிச் சட்டென்று ஆறும்போது உள்ளே இழுத்துவிடும். அதைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பழைய ஆயிலை முழுதாக வடித்து, கொஞ்சம் டீசல் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றி, அதையும் வடித்துவிட்டு, மலிவான 90 கியர் ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி மாற்றுங்கள். கிரவுன் பினியன் இருக்கிற ஆக்சிலுக்கு ஜி.எல். 5 தர ஆயில். கியர் பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருப்பதால் ஜி.எல். 4 கேட்டு வாங்குங்கள், கடைக்காரன் எல்லாம் ஒன்றுதான் என்பான். முன் சக்கரத்துக்குள் இருக்கிற உருண்டை ஜாயிண்டையும் திறந்து பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிதாக அடைக்க வேண்டும், அங்கேயும் வண்டல் கட்டாயம் போயிருக்கும்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் எங்கள் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பட்டாளத்தில் டிரைவருக்கு ஃபர்ஸ்ட் பரேட், ஹால்ட் பரேட், லாஸ்ட் பரேட் என்று மூன்று உண்டு. கிளம்பும் முன் ஆயில், தண்ணீர், பெல்ட், காற்று, பிரேக் பார்ப்பது முதலாவது. வழியில் நிறுத்துகிற இடத்தில் இறங்கி நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது இரண்டாவது, ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. சாயங்காலம் திரும்பியதும் ஒழுக்கு பார்த்து, குறைந்ததை ஊற்றி, மறுநாளைக்குத் தயாராக நிறுத்துவது மூன்றாவது. டீ குடிக்க நிறுத்துகிற நேரம்தான் ஆகும், ஆனால் சிவிலில் எவனும் செய்வதில்லை.


நெல்லை வக்கீல்:

வகை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் மாற்றம் முடிந்த பிறகு, வண்டியைக் காட்ட முடிகிற நிலைக்கு வந்ததும் எழுதிக் கொடுங்கள். வரி பாக்கி இருக்கிறதா என்று இப்போதே ஆன்லைனில் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். அந்த விற்பனைத் தாளின் அசலை எந்த ஏஜென்டிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.


பேட்டை லேத்:

கோபமெல்லாம் இல்லை தம்பி. நான்கு டிரம்மையும் வீல் சிலிண்டரையும் கொண்டுவாருங்கள், வண்டி வர வேண்டாம். டிரம்மின் உள் அளவு தேய்ந்து ஓவல் ஆகியிருந்தால் லேத்தில் ஒரு சீவு சீவிவிடலாம், ரொம்பச் சீவினால் மெலிந்து சூட்டில் விரியும், அதனால் அளந்து பார்த்துத்தான் முடிவு. சிலிண்டர் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள், குழி விழுந்திருந்தால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குவது) போதாது, ஸ்டீல் ஸ்லீவ் போட வேண்டும். வலது, இடது, முன், பின் என்று ஒவ்வொன்றிலும் எழுதிக் கொண்டுவாருங்கள். புதன்கிழமை கடை உண்டு.